கடலைவிடக் குளிர்ந்த துணி

“உன்ர துணி நல்ல துணி அக்கா. எங்கட தலைக்கு மேலால போனது. எங்களைக் காணேல்ல!”

தம்பி சசிதரன் நடுக்கடலிலிருந்து பேசினான். செயற்கைக்கோள் போனில் அவன் சிரிப்பு சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது. பின்னால் யாரோ கைதட்டினார்கள். நிருபா தான் வேலை செய்யும் துணி ஆய்வுக்கூடத்தின் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நல்லாப் பதிஞ்சோ போனது?”

“பதிஞ்சுதான். பருந்தின்ர வயிறு தெரிஞ்சது. மிதுசா அதுக்கு டாட்டா காட்டப் பாத்தவள். றஜிதா பிடிச்சு அமத்திப்போட்டாள்.”

“துணியை நனைக்கிறியளா?”

“நனைக்கிறம் தாயே, நனைக்கிறம்.”

“பகிடி விடாத சசி. காயவிடக் கூடாது.”

“காய்ஞ்சா என்ன?”

“சொன்னதைச் செய். போனை வை, சார்ஜ் போயிடும்.”

குழாயை மூடினாள். கண்ணாடியில் பார்த்தபோது தானும் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

அந்தத் துணியை யாரும் கடலுக்காகச் செய்யவில்லை. வெயில் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போய், கட்டட வேலைக்காரர்களும் தூத்துக்குடி உப்பளத்துப் பெண்களும் நின்ற இடத்திலேயே சுருண்டு விழத் தொடங்கிய காலத்தில், அவர்களுக்காகச் செய்தது. உடம்பின் சூட்டை வாங்கி வானத்துக்கு எறிந்துவிடும் நூல். மின்சாரம் வேண்டாம், பனிக்கட்டி வேண்டாம். முதன்முதலில் அதைப் போர்த்திக்கொண்ட உப்பளத்து அம்மாள் ஒருத்தி, “மண்பானைக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குட்டி” என்றாள். நிருபா அன்றைக்கு வீடு போகும்வரை அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

சூட்டைப் படம்பிடிக்கும் கேமரா ஒன்று ஆய்வுக்கூடத்தில் இருந்தது. ஒரு நாள் உப்புப் பாத்தியின் கரையில் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணை அதில் பார்த்தாள். பெண்ணைக் காணோம். பாத்தித் தண்ணீர் எந்தச் சூட்டில் இருந்ததோ அதே சூட்டில் அவளும் இருந்தாள். நிருபா இதை வீட்டில் வேடிக்கையாகச் சொன்னாள். மகள் மிதுசாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த தம்பி பெண்சாதி றஜிதா விழுந்து விழுந்து சிரித்தாள். சசிதரன் மட்டும் சோற்றில் கை வைத்தபடி இருந்துவிட்டான்.

“அக்கா, கடலுக்கு மேல பறக்குதே பருந்துகள், அது எதைப் பாக்கிறது?”

ஆளில்லாமல் பறக்கும் காவல் விமானங்களை எல்லோரும் பருந்து என்றுதான் சொன்னார்கள்.

“சூட்டைத்தான். அவ்வளவு பெரிய கடலையும் கண்ணால பாத்து முடியுமே? தண்ணியைவிடச் சூடா ஒரு புள்ளி தெரிஞ்சா, அந்த இடத்தில மட்டும் கண்ணைத் திறக்கும். மனுசர் எண்டா கப்பலைக் கூப்பிடும்.”

“சூடு தெரியாட்டில்?”

“அதுக்கு அது வெறும் கடல்தான்.”

“ரேடார் எங்களை ஒண்டும் செய்யாது. சின்ன ஃபைபர் போட்டை அலை எண்டு விட்டுடும். பருந்துதான் பிரச்சினை எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவன்.”

படகில் வெளிநாட்டுக்கு ஆளேற்றும் ஏஜென்சிக்காரனோடு அவன் ஏற்கெனவே பேசிவிட்டான் என்பது அப்போதுதான் வீட்டுக்குத் தெரிந்தது. றஜிதாவின் சிரிப்பு நின்றது.

நிருபாவும் சசிதரனும் அகதி முகாமில் பிறந்தவர்கள். தாயும் தகப்பனும் போருக்குத் தப்பி ஒரு படகில் வந்திறங்கி, இந்த முகாமிலேயே இருந்து, இங்கேயே செத்தும் போனார்கள். பிள்ளைகளுக்குப் பிறந்த ஊர் இருந்தது, நாடு இல்லை. சசி டிப்ளமா முடித்துவிட்டு வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தான். முகாமுக்கு மாதத்தில் இரண்டு தரம் அதிகாரி வருவார். வேப்பமரத்தடியில் மேசை போட்டதும் ஒலிபெருக்கியில் குரல் வரும்: “செக்கிங், செக்கிங், எல்லாரும் வெளியே வாங்க.” குடும்பத் தலைவரின் பெயரைக் கூப்பிட, அந்த வீட்டார் அத்தனை பேரும் வந்து நின்று, தலையில் துண்டோ முக்காடோ இருந்தால் எடுத்துவிட்டுக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். குளித்துக்கொண்டிருந்தாலும் காய்ச்சலில் கிடந்தாலும் வர வேண்டும். வராதவருக்கு உதவித்தொகை நிற்கும். பிறகு போலீஸ் தேடும். வயிற்றில் இருப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எண்ணினார்கள்.

“எனக்கு அங்க போய் ராசாவா இருக்க வேணுமெண்டில்ல” என்றான் சசி. “என்ர பிள்ளையை ஒருத்தன் மேசை போட்டு எண்ணக் கூடாது. வேறொண்டும் வேண்டாம்.”

நிருபா பல நாள் மறுத்தாள். துணி இல்லாவிட்டாலும் போகத்தான் போகிறான் என்று தெரிந்த பிறகு தைத்துக் கொடுத்தாள். இரண்டு குளிர்துணிகளுக்கு நடுவே, கடல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் ஒரு பஞ்சுத்துணி. தலைமூடி, மேலங்கி, படகுக்கு ஒரு பந்தல். உயிர்காப்பு ஜாக்கெட்டின் செம்மஞ்சள் வெகுதூரம் தெரியும் என்று சசி சொன்னதால், அதற்கும் மேலுறை. ஏஜென்சிக்காரன் மாதிரிக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போனான். அதன் பிறகு வேறு முகாம்களிலும் தையல் மெஷின்கள் ஓடுவதாகக் கேள்விப்பட்டாள். காதில் விழாததுபோல் இருந்துகொண்டாள்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தபோது மறுபடி போன் வந்தது.

“எஞ்சின் நிண்டுட்டுது அக்கா. நேற்றே நிண்டது. திருத்திறம். தண்ணியும் கொஞ்சம் வருது.”

“கொஞ்சமெண்டா?”

“முழங்காலுக்கு.”

அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள்.

“நான் ஆரிட்டயும் சொல்லட்டா?”

“விசரே உனக்கு? பிடிச்சா திருப்பிக் கொண்டுவந்து பூட்டி வைப்பாங்கள். இஞ்ச எல்லாரும் இருந்ததெல்லாம் வித்துப்போட்டு வந்த சனம். நான் ஆரைக் கேட்டு முடிவெடுக்கிறது?”

“அப்ப துணியைக் கழட்டுங்கோ. பருந்து பாக்கட்டும்.”

“எல்லாரும் சத்தியம் பண்ணியிருக்கிறம். செத்தாலும் கழட்டுறேல்ல. மேலயிருந்து தமிழில கூப்பிடுவாங்கள், தெரிஞ்ச ஆக்களின்ர குரலிலயே கூப்பிடுவாங்கள், நம்பாதையுங்கோ எண்டு சொல்லித்தான் விட்டவங்கள். ஒராள் கழட்டினா எல்லாரையும் காட்டிக்குடுத்த மாதிரி.”

பின்னால் ஒரு பெண் அழுதாள். றஜிதாவா என்று தெரியவில்லை. வாளியால் தண்ணீர் இறைத்துக் கொட்டும் சத்தம் விடாமல் கேட்டது.

“ஆருக்கும் சொல்ல மாட்டன் எண்டு சொல்லு.”

நிருபா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அக்கா, சொல்லு. நான் சொல்றது கேக்குதோ? எ—”

இணைப்பு அறுந்தது. அதன் பிறகு எத்தனை முறை அழைத்தும் ஒரே அறிவிப்புத்தான் வந்தது.

சாலையோரக் கடையில் சோடா கேட்டாள். கடைக்காரர் உடைத்து நீட்டியதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். பிறகு திரும்பிக் கடந்தாள். ஆய்வுக்கூடத்துக்குப் போகும் பஸ் வந்தது, போனது. வாயைத் திறந்தால் சசியின் படகு மட்டும் அகப்படாது என்பது அவளுக்குத் தெரியும். அந்தத் துணியைப் போர்த்திக்கொண்டு இப்போது கடலில் இருப்பவர்கள், இனிப் போகப்போகிறவர்கள், ராப்பகலாகத் தைத்துக்கொண்டிருக்கிறவர்கள் எல்லோரையும் சேர்த்துக் கொடுத்ததாகும். சோடா போத்தலைக் குடிக்காமலே திருப்பி வைத்தாள். “என்ன பாப்பா, உடம்பு சரியில்லயா?” என்றார் கடைக்காரர். அதற்குள் துறைமுகத்துக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறினாள்.

தென்கடல் தேடல் மையத்தின் வாசலில் காவலாளி அடையாள அட்டை கேட்டான். அகதி அட்டையை நீட்டினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். “என் தம்பி கடல்ல இருக்கான்” என்றாள். தூத்துக்குடியில் அப்படிச் சொல்லி வருகிறவர்களை வாசலில் நிறுத்தி வைக்க மாட்டார்கள்.

திரைகளுக்கு முன்னால் பிரிட்டோ என்கிற ஆள் இருந்தான். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் ஹெட்போன், கையில் ஆறிப்போன டீ. படகு புறப்பட்ட கரையையும் போன திசையையும் கேட்டுவிட்டுத் திரையைப் பெரிதாக்கினான்.

“அந்தப் பக்கம் அப்படி ஒரு போட்டே இல்லயேம்மா. பருந்து போயிட்டுப் போயிட்டு வருது. சுத்தமான கடலு.”

“அப்படித்தான் தெரியும் சார்.”

“என்ன சொல்லுதிய?”

“உப்பளத்துல குளிர்துணி போத்துவாங்கல்ல…”

“எங்க சித்திகூட வச்சிருக்கா. அதுக்கென்ன?”

“அதை ரெண்டு மடிப்பாத் தச்சு, கடல் தண்ணியில நனைச்சுப் போத்திக்கிட்டா, உடம்புச் சூடு வெளிய வராது. கடல் சூட்டுலயே இருக்கும்.”

முகாமுக்கு வெளியே பேசும் தமிழை அவள் சின்ன வயதிலேயே பழகியிருந்தாள். இன்று ஒவ்வொரு சொல்லும் நாக்கில் தடுக்கியது.

பிரிட்டோ டீயைக் கீழே வைத்தான். “யாரு தச்சா?”

“நான்தான்.”

“அடப்பாவி” என்றான். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. “கொஞ்ச நாளா ஒரு போட்டும் தெரியலன்னு எங்களுக்குப் பாராட்டெல்லாம் வந்துச்சு. ஆள் போறது நின்னுட்டு, எல்லாம் அடங்கிட்டுன்னு. கேக்கு வெட்டுனோம் தெரியுமா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சரி. இப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்கும் நீங்கதான் சொல்லணும்.”

“துணி காய்ஞ்சா தெரியும் சார். ஆனா சூடாத் தெரியாது. அந்த நூல் சூட்டை வானத்துக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். ஈரமா இருக்கிறவரைக்கும் தண்ணி அதுக்கு ஈடு குடுக்கும். காய்ஞ்சிட்டா ஈடு குடுக்க யாருமில்ல. அப்ப துணி கடலைவிடக் குளிர்ந்து போகும். உங்க மெஷின் சூட்டைத் தேடுது. குளிரைத் தேடச் சொல்லுங்க.”

பிரிட்டோ உடனே விசைப்பலகையைத் தொடவில்லை. நாற்காலியைத் திருப்பி அவளை நேராகப் பார்த்தான்.

“நான் இத மெஷின்கிட்டச் சொல்லிட்டா திரும்ப வாங்க முடியாது பாத்துக்கிடுங்க. இந்த ஒரு பருந்தோட நிக்காது, எல்லாத்துக்கும் போயிரும். இனி ஒரு போட்டும் தப்பாது. யோசிச்சுத்தான் வந்தியளா?”

“பஸ்ல வரும்போது யோசிச்சேன்.”

“என்ன யோசிச்சிய?”

“முழங்காலுக்குத் தண்ணி வந்திட்டுன்னான். இடுப்புக்கு எப்ப வரும்னு யோசிச்சேன்.”

அவன் திரும்பித் தட்டச்சு செய்ய ஆரம்பித்தான். தட்டிக்கொண்டே, “உங்க பேரையும் மேல சொல்லியாகணும்” என்றான்.

“நிருபா. முகாம்ல கேட்டா யாரும் சொல்லுவாங்க.”

கடலில் அந்தப் பக்கம் மேகம் மூடியிருந்தது. மேகத்துக்குக் கீழே துணி குளிராது. சூட்டை அனுப்ப வானம் திறந்திருக்க வேண்டும். அவளால் உட்கார முடியவில்லை. சுவருக்குப் போனாள், திரைக்கு வந்தாள், தண்ணீர்க் குடுவையை எடுத்துத் தண்ணீர் ஊற்றாமலே வைத்தாள். “உக்காருங்கம்மா, எனக்குத் தலை சுத்துது” என்றான் பிரிட்டோ. உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். மேகத்தின் ஓரம் மெதுவாக விலகியது. பச்சையாகப் பரந்து கிடந்த கடலில், மிளகளவு நீலம் ஒன்று தெரிந்தது.

“குளிரு!” என்று கத்தினான் பிரிட்டோ. பருந்து அந்த இடத்தில் தாழ்ந்து தன் கண்ணைத் திறந்தது.

படகின் பின்பாதி தண்ணீருக்குள் இருந்தது. முன்பாதி மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அதில் வெள்ளைத் துணிக்குள் சிலர் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு நெருங்கிக் கிடந்தார்கள். நிருபா உற்று உற்றுப் பார்த்தாள். முகாமிலிருந்து புறப்பட்டவர்களில் பாதிகூட இல்லை.

“மத்தவங்கள்லாம்?”

“தண்ணியில இருப்பாங்க” என்றான் பிரிட்டோ.

“ஆனா ஒருத்தரும் தெரியலயே” என்று அவனே திரையைத் தேடினான்.

“தண்ணியில இருந்தா…” அவள் திரையை விரலால் தொட்டாள். “துணி நனைஞ்சுதானே இருக்கும்.”

ஜாக்கெட்டின் செம்மஞ்சளையும் அவள்தான் மூடிக் கொடுத்திருந்தாள். கண்ணால் தேடினால் அலையின் நுரைக்கும் துணிக்கும் ஒரே நிறம். சூட்டால் தேடினால் தண்ணீரும் அவர்களும் ஒன்று. கடலில் விழுந்தவர்கள் கடலாகவே இருந்தார்கள்.

பிரிட்டோ பக்கத்திலிருந்த சரக்குக் கப்பலைத் திருப்பினான். விரைவுப் படகொன்றும் கிளம்பியது. “கப்பல் போயிரும்மா. போயி எங்கன்னு தேடும்? ஆளுக்கு மேலயே ஏறிரும். அவங்க தலையக் காட்டணும்.” பருந்தின் ஒலிபெருக்கியைத் திறந்தான். இயந்திரத்தின் குரல் திருத்தமான தமிழில் பேசியது: “உங்களுக்கு உதவி வந்துகொண்டிருக்கிறது. தயவுசெய்து உங்கள் போர்வைகளை அகற்றவும்.”

படகின் முன்பாதியில் கிடந்தவர்கள் துணியை இன்னும் இறுக்கிக்கொண்டார்கள். ஒரு கை, பக்கத்திலிருந்த சிறிய தலையைத் துணிக்குள் அமுக்கியது.

“என்ன மக்கா இப்படிப் பண்ணுதிய!” பிரிட்டோ மேசையைக் குத்தினான். “நீங்க பேசுங்க. உங்க குரலக் கேட்டா நம்புவாவொ.”

மைக்கை வாங்கினாள். “நான் நிருபா. சசியின்ர அக்கா. இது நான்தான், மெஷின் இல்ல. துணியைக் கழட்டுங்கோ. கப்பல் வருது. சசி, கேக்குதா?”

ஒருவரும் அசையவில்லை. எந்தக் குரலையும் யாரும் செய்துவிடக்கூடிய காலம் அது. அவர்களுக்கு அது நன்றாகவே சொல்லி அனுப்பப்பட்டிருந்தது. அவள் கெஞ்சினாள். ஒவ்வொருவர் வீட்டுக் கதையையும் சொன்னாள். அழுதாள். அழுவதைக்கூட இயந்திரம் செய்யும். திரையில் ஓர் அலை முன்பாதியின் மேல் ஏறி வழிந்தது. அது இறங்கியபோது அங்கே ஓர் ஆள் குறைந்த மாதிரி இருந்தது.

பிறகு நடந்தது அவள் யோசித்துச் செய்ததில்லை. வாயில் தானாக வந்தது.

“செக்கிங்! செக்கிங்! எல்லாரும் வெளியே வாங்க!”

அவள் குரலே இல்லை அது. வேப்பமரத்தடி மேசையின் குரல். அதே இழுவை, அதே சலிப்பு.

முன்பாதியில் ஒரு தலைமூடி கீழே விழுந்தது. ஒரு கிழவர் எழுந்து நிற்கப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் முக்காட்டை எடுத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். எழுந்த பிறகுதான், தான் எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்தவள்போல் சுற்றிப் பார்த்தாள். அதற்குள் மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள்.

“விடாதிய! கூப்பிடுங்க, கூப்பிடுங்க!” என்றான் பிரிட்டோ.

நிருபா குடும்பத் தலைவர்களின் பெயர்களைக் கூப்பிட்டாள். பிறந்ததிலிருந்து கேட்ட வரிசை, முதல் லைன் முதல் வீட்டிலிருந்து. “அருமைநாயகம் குடும்பம்! பத்மசீலன் குடும்பம்!” ஒன்றுமே இல்லாத கடலில் மஞ்சளாக ஒரு புள்ளி திறந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. ஈரத் தலைமூடியைப் பிய்த்து எறிந்த தலைகள், தண்ணீருக்கு மேல் நீண்ட கைகள். ஒவ்வொரு பெயருக்கும் கடல் எங்கோ ஓரிடத்தில் சூடாயிற்று. “ஏசுவே” என்று முணுமுணுத்துக்கொண்டே பிரிட்டோ ஒவ்வொரு புள்ளியையும் கப்பலுக்கு அனுப்பினான்.

“சசிதரன் குடும்பம்!”

முன்பாதியில் கையைத் தூக்கியபடி நின்றவள் றஜிதாதான். அவள் இடுப்பருகே ஒரு சின்னக் கை உயர்ந்தது. நிருபா இன்னொரு கைக்காகக் காத்திருந்தாள்.

“சசிதரன் குடும்பம்!”

படகைச் சுற்றிலும் பச்சை. மேலே போனாலும் கீழே போனாலும் பச்சை.

“சசிதரன்!”

“அடுத்த பேரக் கூப்பிடுங்கம்மா” என்றான் பிரிட்டோ. அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். “ஆளுவொ தண்ணில கிடக்காவொ.”

அவள் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

சசிதரன் கிடைக்கவில்லை. கப்பலும் விரைவுப் படகும் இருட்டும்வரை சுற்றின. அவன் கழற்றாத துணி அவனை நன்றாகவே மறைத்து வைத்திருந்தது.

நிருபாவின் வேலை போயிற்று. அவள்மேல் வழக்குப் பதிந்தார்கள். மீட்கப்பட்டவர்களைப் பல மாதம் பூட்டி வைத்திருந்துவிட்டு முகாமுக்கே திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் சிலர் நிருபாவைக் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். இரண்டையும் ஒரே ஆள் வெவ்வேறு நாளில் செய்வதும் உண்டு. கடலில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக அகப்படுவதாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. பிரிட்டோ ஒருமுறை போன் செய்தான். “நேத்தும் ஒரு போட்டு. உயிரோடதாம்மா பிடிச்சோம். சொல்லணும்போல இருந்துச்சு.” பிடித்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

றஜிதா வந்த நாளிலிருந்து நிருபாவோடு பேசவில்லை. ஒரே வீட்டில் ஒருத்தி சமைக்க ஒருத்தி சாப்பிட்டாள். ஆனி மாதத்தில் ஒரு செக்கிங் நாள். வெயில் பட்டையைக் கிளப்பியது. வேப்பமரத்து நிழல் மேசைக்கு மட்டும் போதுமானதாக இருந்தது. சனம் வெயிலில் வரிசையாக நின்றது. நிருபாவுக்குப் பின்னால் நின்ற றஜிதா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“மச்சாள், அவருக்குக் கேட்டது.”

நிருபா திரும்பினாள்.

“நீங்க கூப்பிட்டது. அவர் தண்ணிக்குள்ள எங்களுக்குக் கிட்டத்தான் நிண்டவர், கயித்தைப் பிடிச்சுக்கொண்டு. ‘இது அக்காதான், மெஷினுக்கு இந்தக் கள்ள மூளை வராது’ எண்டு சிரிச்சவர். ‘நீங்க ரெண்டு பேரும் எழும்புங்கோ’ எண்டார். நீங்களும் துணியைக் கழட்டுங்கோ எண்டன். ‘நான் இனிக் கை தூக்க மாட்டன்’ எண்டார். கை ஏலாமச் சொன்னாரோ, மனம் ஏலாமச் சொன்னாரோ எனக்குத் தெரியாது. நான் எழும்பி நிண்டுட்டுக் குனிஞ்சு பாக்கேக்க கயிறுதான் கிடந்தது.”

மேசையில் பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. உடல் கிடைக்காததால் மரணச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாததால் குடும்பத் தலைவர் மாறவில்லை.

“சசிதரன் குடும்பம்!”

மிதுசா எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் நின்று கையைத் தூக்கினாள். வெயிலுக்குப் போட்டிருந்த துண்டையும், யாரும் சொல்லாமலே, மற்றக் கையால் தலையிலிருந்து எடுத்துவிட்டாள். அதிகாரி அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். “கெட்டிக்காரி” என்றார்.

றஜிதா தன் கையை இறக்கிக்கொண்டு பழைய இடத்துக்கு வந்தாள்.

“கடலில அவளுக்கு நான் ஒண்டும் சொல்லேல்ல. உப்புத் தண்ணி குடிச்சு, கண் மேல போய்க் கிடந்த பிள்ளை. நீங்க கூப்பிட்டவுடன தானா எழும்பிக் கை தூக்கினாள். எல்லாரும் நாங்கள் பிழைச்சது அந்தக் கையாலதான் எண்டு சொல்லுகினம். எனக்கு அந்தக் கையை நினைச்சா நித்திரை வருகுதில்ல.” குரலை இன்னும் தாழ்த்தினாள். “இப்ப குளிரையும் பாக்கிறாங்களாம். சூடும் இல்லாம குளிரும் இல்லாம ஒரு துணி செய்ய ஏலுமா?”

“றஜி, உனக்கென்ன பைத்தியமா?” என்றாள் நிருபா. “அவனை விழுங்கினதே அந்தத் துணிதான்.”

“தெரியும்.”

“பிறகும் கேக்கிறாய்.”

“வேற ஆரிட்டக் கேக்கிறது மச்சாள்?”

நிருபா முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். ஏலாது, இனி ஒருக்காலும் ஏலாது, நான் ஒருத்தனைக் கொன்றது போதும் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் ஒலிபெருக்கியில், தனி அட்டைக்காரியான அவள் பெயர் வந்தது. அவள் இன்னும் றஜிதாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் கிடந்த முக்காடு தோளில் விழுந்திருந்தது. கை எப்போதோ மேலே போயிருந்தது.

அவள் அண்ணாந்து அந்தக் கையைப் பார்த்தாள். யாருடையதோ போல இருந்தது. பிறகு அதை மெதுவாக இறக்கினாள்.

“மிதுசா இப்ப எவ்வளவு உயரம்?” என்று கேட்டாள்.